கோடு நம் தாமான் நடுவே விழுந்தால்: தொகுதி மறுவரையறை பற்றிய கேள்வி பதில்

தீபகற்ப மலேசியாவில் தேர்தல் தொகுதிகளின் எல்லைகளைத் திருத்தும் மறுவரையறை கடைசியாக 2018 மார்ச்சில் முடிந்தது. ஒன்று முடிந்து எட்டு ஆண்டுகளாவது கழிந்த பிறகே அடுத்ததைத் தொடங்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 113ஆம் பிரிவு. அந்த எட்டு ஆண்டுகள் நிறைவது 2026 மார்ச்சில். இப்போது கேள்விகள் குவிவதற்கு அதுதான் காரணம். சட்டத்தையும் வரைபடத்தையும் பற்றிக் கேளுங்கள். எந்தக் கட்சி வெல்லும் என்பது என் துறை அல்ல.

பட்டர்வொர்த் வாசகி: ஐயா, எங்கள் தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதிக்கும்) எதிரே உள்ள பிளாட்டுக்கும் நடுவில் ஒரு சாலைதான். கோயில், பாலர் பள்ளி, காலைச் சந்தை எல்லாம் பொது. கோடு அந்தச் சாலையில் விழுந்தால் எங்களுக்கு என்ன ஆகும்?

முதலில் மாறாதவற்றைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. அஞ்சல் எண், நிலப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளி, காவல் நிலையம் எதுவும் மாறாது. குடியிருப்பாளர் சங்கத்தின் பதிவும் அப்படியே இருக்கும். குப்பை அள்ளவில்லையென்றால் இரு பக்கத்தாரும் அதே செபராங் பிறை மாநகர் மன்றத்திடம்தான் முறையிட வேண்டும்.

மாறுவது, யாருடைய கதவைத் தட்டுவது என்பதுதான். வேறு நாடுகளில் சாக்கடை அடைத்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட வட்டார உறுப்பினரிடம் போவார்கள். நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது. பினாங்கு அரசு மீண்டும் தேர்தல் நடத்தப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. ஆகவே சாக்கடை, தெருவிளக்கு, மண்டப வாடகை, மருத்துவ உதவிக் கடிதம் என்று எல்லாமே சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் போய் நிற்கின்றன. சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்பவென்று போடும் கோடு, நம் ஊரில் சாக்கடைக்கும் கோடாகிவிடுகிறது.

கோயில் திருவிழாவுக்கு மானியம் கேட்டுப் போனால், "கோயில் அந்தப் பக்கம்" என்பார் ஒரு ஒய்.பி. (மக்கள் பிரதிநிதியை நாம் அழைக்கும் பெயர்). "பக்தர்கள் எல்லாரும் இந்தப் பக்கம்" என்பார் மற்றவர். வெள்ளம் வந்தால் நிவாரணப் பொட்டலம் சாலைவரை வந்து நின்றுவிடும். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஒரே தொகுதியில் அறுநூறு குடும்பங்கள் என்றால் வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வருவார். அதையே முந்நூறு முந்நூறாகப் பிரித்தால் இரண்டு வேட்பாளர்களுமே வேறு தாமானுக்குப் போய்விடுவார்கள்.

இரண்டு ஒய்.பி. இருந்தால் இரட்டிப்பு உதவி என்று சிலர் சொல்வார்கள். சங்கத் தலைவர் கெட்டிக்காரராக இருந்தால் அப்படியும் நடக்கும். கெட்டிக்காரத் தலைவரை நம்பி எல்லை போட முடியாது.

பிறை வாசகர்: 2018இல் நான் வாக்களித்த பள்ளி மாறிவிட்டது. தொகுதி மாறிவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. தொகுதிக்குள் வாக்களிப்பு வட்டாரங்களைப் பிரிப்பதும் மாற்றுவதும் 1958ஆம் ஆண்டின் தேர்தல் சட்டப்படி தேர்தல் ஆணையமே செய்துகொள்ளும் வேலை. மறுவரையறை என்பது வேறு. அது மக்களவை வரை போய் ஒப்புதல் பெற வேண்டும். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரோடு நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி, வாக்களிப்பு வட்டாரம் ஆகியவை தனித்தனியாக இருக்கும். முதல் இரண்டும் பழையபடியே இருந்தால் தொகுதி மாறவில்லை.

கோயில் நிர்வாகி ஒருவர்: எங்கள் கோயிலில் அறுநூறு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆட்சேபம் தெரிவிக்க அது போதாதா?

போதும் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அரசியலமைப்பின் 13ஆம் அட்டவணைப்படி ஆட்சேபம் தெரிவிக்கக் கூடியவர்கள் மூன்றே தரப்பு: மாநில அரசு, சம்பந்தப்பட்ட ஊராட்சி மன்றம், அந்தத் தொகுதியின் நடப்பு வாக்காளர் பட்டியலில் பெயருள்ள நூறு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட குழு. கோயில் உறுப்பினர் அறுநூறில் ஐந்நூற்றுப் பத்துப் பேர் வெளித்தொகுதி வாக்காளர்கள் என்றால், உங்களிடம் இருப்பது தொண்ணூறு கையெழுத்துதான். அந்தத் தொகுதியில் பதிவான வாக்காளர்கள். தேங்காய் உடைக்க வருபவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

புதிய எல்லைகள் பற்றிய ஆணையத்தின் அறிவிப்பு வெளியான ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும். முறையான ஆட்சேபம் வந்தால் ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். இரண்டு சுற்றுக்கு மேல் நடத்தும் கடமை அதற்கு இல்லை. கடந்த முறை முதல் அறிவிப்பு 2016 செப்டம்பர் 15இல் வந்தது. கையெழுத்துப் பட்டியலை இப்போதே தயார்செய்து வையுங்கள். அறிவிப்பு வந்த பிறகு பேனா தேடாதீர்கள்.

என்ன எழுதுவது என்பது அடுத்த சிக்கல். "எங்கள் இனத்தின் பலம் குறைகிறது" என்று எழுதினால் அந்த அட்டவணையில் அதற்கு இடமில்லை. எல்லையை மாற்றுவதால் வரும் அசௌகரியத்தையும், உள்ளூர்ப் பிணைப்புகளைக் காப்பதையும் கருத வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. உங்கள் மனு முழுவதும் அந்த வரியின்மேல் நிற்கட்டும். பிளாட்டின் பிள்ளைகள் எந்தப் பாலர் பள்ளிக்கு வருகிறார்கள், இரு பக்கத்து வெள்ளமும் எந்தக் கால்வாயில் வடிகிறது, ஈமச் சடங்கு மண்டபத்தை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதி, ஒரு வரைபடத்தையும் இணையுங்கள்.

சுங்கை பாக்காப் வாசகர்: நமக்கென்று ஒரு தொகுதி ஏன் கேட்கக் கூடாது? பிறையிலும் பாகான் டாலாமிலும் இருக்கும் நம்மவர்களை ஒன்றாகச் சேர்த்தால் போதுமே.

பாகான் டாலாம் இருப்பது பாகான் நாடாளுமன்றத் தொகுதியில். பிறை இருப்பது பத்து காவானில். சட்டமன்றத் தொகுதி நாடாளுமன்றத் தொகுதியின் கோட்டைத் தாண்டுவது விரும்பத்தக்கதல்ல என்கிறது அதே 13ஆம் அட்டவணை. ஆகவே மேலே உள்ள கோட்டையும் நகர்த்த வேண்டும். இன்னொன்று: 2008 முதல் 2023 வரை நான்கு தேர்தல்களிலும் அந்த இரண்டு தொகுதிகளும் இந்தியர்களையே தேர்ந்தெடுத்தன. இரண்டைக் கொடுத்து ஒன்றை வாங்குவது என்ன வியாபாரம்?

அவரே: அந்த இரண்டும் கட்சி போட்ட பிச்சை. தலைமை மனம் மாறினால் இரண்டுமே போய்விடும். சொந்தப் பெரும்பான்மை இருந்தால் எவரிடமும் கையேந்த வேண்டாம்.

"பிச்சை" என்பது வாக்களித்தவர்களுக்கு அவமரியாதை. ஆனால் வேட்பாளரைத் தீர்மானிப்பது கட்சித் தலைமை என்பது உண்மைதான். தடை வேறிடத்தில் இருக்கிறது. நாடு முழுவதிலும் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. தோட்டங்கள் இருந்தபோது மக்கள் ஓரிடத்தில் இருந்தார்கள். தோட்டங்கள் கைமாறி வீடமைப்பும் தொழிற்பேட்டையுமாக ஆனபின், மலிவு விலை அடுக்குமாடிகளில் சிதறிப்போனார்கள். அவர்களை மட்டும் சேர்த்துக் கோடு போட்டால் அது பாம்புபோல வளைந்து பத்துத் தாமான்களை அறுத்துக்கொண்டு போகும். நமக்குச் செய்யாதே என்று நாம் மன்றாடுவதை அடுத்தவருக்குச் செய்யச் சொல்கிறோம்.

ஜெலுத்தோங் வாசகர்: இருவருமே தப்பு. எல்லாரையும் ஒரே தொகுதியில் குவித்தால் மற்ற தொகுதிகளில் நம்மை எவரும் மதிக்கமாட்டார்கள். பல தொகுதிகளில் பத்து, பதினைந்து விழுக்காடாகப் பரவியிருப்பதே லாபம்.

போட்டி கடுமையாக இருந்தால் சரி. பினாங்கின் நாடாளுமன்றத் தொகுதிகள் பலவற்றில் வெற்றி வித்தியாசம் ஐந்து இலக்கத்தில் இருக்கிறது. அங்கே உங்கள் பதினைந்து விழுக்காட்டைத் தேடி யார் வரப்போகிறார்?

சுங்கை பாக்காப் வாசகர்: குவிக்கவும் கூடாது, பரவவும் கூடாது. பிறகு என்னதான் செய்வது?

தாமானை உடையாமல் வைத்திருங்கள். நூறு கையெழுத்தால் ஆகக்கூடியது அதுதான். இனக் கணக்கு போட்டு மாநில வரைபடத்தையே திருத்தும் பலம் நம்மிடம் இல்லை. ஒரு பிளாட்டைச் சாலைக்கு இந்தப் பக்கம் திருப்பி இழுக்கும் சட்டப் பிடி இருக்கிறது. இந்த வாதத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

மாக் மண்டின் வாசகி: என் வாக்குச்சாவடி வேறு பள்ளிக்கு மாறியிருக்கிறது, தொகுதியும்...

மேலே பிறை வாசகருக்குச் சொன்னதுதான்.

செந்தூல் வாசகர்: கோலாலம்பூரில் எப்படி ஐயா?

1974 பிப்ரவரி 1இல் கூட்டரசுப் பிரதேசமானதிலிருந்து உங்களுக்குச் சட்டமன்றமே இல்லை. பதினொரு நாடாளுமன்றத் தொகுதிகள் மட்டும். மாநகர மேயரும் நியமனம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரே ஆள் நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் கோடு மாறினால் எல்லாமே மாறுகிறது. நூறு பேர் விதி அங்கேயும் அதே.

நிபோங் திபால் மாணவர்: தொகுதிகள் சம அளவில் இருக்க வேண்டும் என்று படித்தேன். அப்படியா இருக்கின்றன?

நல்ல கேள்வி தம்பி. 2022 பொதுத் தேர்தலில் சிலாங்கூரின் பாங்கியில் 3 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். சரவாக்கின் இகானில் சுமார் 28 ஆயிரம். 1957இல் வேறுபாடு 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. 1962இல் கிராமத் தொகுதி நகரத் தொகுதியின் பாதி அளவுவரை இறங்கலாம் என்று தளர்த்தினார்கள். 1973இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். "ஏறத்தாழச் சமம்" என்ற சொல் மட்டும் மிச்சம்.

பத்து காவான் வாசகர்: புது வீட்டுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அடையாள அட்டையில் இன்னும் பிறை முகவரிதான். கையெழுத்திடலாமா?

பிறையும் பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதிக்குள்தான் இருப்பதால் நாடாளுமன்றக் கோட்டுக்குக் கையெழுத்திடலாம். ஆனால் உங்கள் பெயர் இல்லாத சட்டமன்றத் தொகுதிக்கு எப்படிக் கையெழுத்திடுவீர்கள்? முதலில் முகவரியை மாற்றுங்கள், பிறகு பட்டியலில் மாறியதா என்று பாருங்கள். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே பட்டியலில் சேர்கிறார்கள், அடையாள அட்டை முகவரிப்படி. இடிக்கப்பட்ட தோட்ட வீட்டு முகவரியோடு இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தொகுதியில் பதிவான வாக்காளர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

பாகான் ஜெர்மால் வாசகர்: தொகுதிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவார்களா?

பினாங்கில் இப்போது 13 நாடாளுமன்றம், 40 சட்டமன்றம். மக்களவை இடங்களைக் கூட்ட அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். 222இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 வாக்குகள் வேண்டும். எண்ணிக்கையைத் தொடாமல் கோட்டை மட்டும் நகர்த்தப் பாதி உறுப்பினர்கள் போதும். 2018இல் 129க்கு 80 என்று நிறைவேறியது. பேச்செல்லாம் முதலாவதைப் பற்றி நடக்கும், வேலை இரண்டாவதில் முடியும்.

இன்னொருவர்: அடுத்த தேர்தலில் பினாங்கு யாருக்கு?

ஜோதிடரிடம் கேளுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: வாக்களிக்கும் பள்ளி...

பிறை வாசகருக்குச் சொன்ன பதில். மூன்றாவது முறை.

பட்டர்வொர்த் வாசகி மீண்டும்: கோடு மாறிவிட்டால் மறுநாளே புது ஒய்.பி.யிடம் போக வேண்டுமா?

வேண்டாம் அம்மா. அவை கலைக்கப்பட்டு அடுத்த தேர்தல் நடக்கும்வரை பழைய எல்லையே செல்லும், பழைய ஒய்.பி.தான் உங்களவர். அதற்குள் "நீங்கள் இப்போது அந்தப் பக்கம்" என்று எந்தச் சேவை மையமாவது திருப்பி அனுப்பினால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.