திருத்தணியில் ஒரே தளக் கான்கிரீட் வீடு: பார்க்க அழகாகவும் இருக்கணும், கரண்ட் பில்லும் குறையணும். எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: திருத்தணி பக்கம் 900 சதுர அடியில் ஒரே தளமாகக் கட்டிய வீடு, வயது 12. மேற்குப் பார்த்த வாசல். கோடையில் ராத்திரி 11 மணி வரை உள்ளே அனல். ஃபால்ஸ் சீலிங், முன்பக்கத்துக்குக் கறுப்புக் கல் எலிவேஷன், இன்னொரு ஏசி என்று யோசிக்கிறோம். எதை முதலில் செய்யலாம்?

பதில்:

மூன்றையுமே இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதல் பணம் மொட்டை மாடிக்குப் போகட்டும், அடுத்தது மேற்குச் சுவருக்கு. வெயிலை வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். உள்ளே வந்த சூட்டை ஏசி போட்டு வெளியே தள்ளுவதற்குத்தான் மாதக்கணக்கில் பில் கட்டுகிறோம்.

சந்தேகம் இருந்தால் ஒரு நாள் ராத்திரி 9 மணிக்கு ஏணி போட்டு ஏறி, சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு மேற்குச் சுவரின் உள்பக்கத்தைத் தொடுங்கள், கடைசியாக வடக்குச் சுவரை. எது அதிகம் சுடுகிறதோ அங்கேதான் முதல் வேலை. திருத்தணி, நகரி, புத்தூர் வட்டாரத்தில் பெரும்பாலும் சீலிங்தான் சுடும். ஏப்ரல் கடைசி வாரத்தில் நம் ஊருக்கு நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது, ஆகஸ்ட் நடுவில் மறுபடியும். ஐந்து அங்குலக் கான்கிரீட் பகலெல்லாம் குடித்த சூட்டை இருட்டிய பிறகுதான் கீழே விடும். ராத்திரி 11 மணி வரை அனல் அடிப்பது இதனால்தான்.

மாடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு வழி. வெறும் கான்கிரீட்டாக இருந்தால், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிப்பது நம் பக்கத்துப் பழைய முறை, இன்னமும் நல்ல முறை. 20 மி.மீ. ஜல்லி இரண்டரை பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு. மணல் சேர்க்கக் கூடாது. சராசரி மூன்று அங்குல கனம், மழைத்தண்ணீர் வெளியேறும் குழாய் பக்கம் சரிவாக வாட்டம். மரக்கட்டையால் நன்றாக அடித்து இறுக்கிய பிறகுதான் ஓடு. 9 அங்குலத் தட்டோடு என்றால் 900 சதுர அடிக்கு 1,600; உடைசலுக்குச் சேர்த்து 1,700 வாங்குங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தச் சுமை பத்து டன்னுக்கு மேல் வரும். சீலிங்கில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிர்ந்திருந்தால், இன்ஜினியர் பார்க்காமல் ஏற்றவே கூடாது.

ஏற்கெனவே தட்டோடு இருந்தால் அதன் மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூல் ரூஃப் பூச்சு போதும். அல்லது டைல்ஸ் கடையில் உடைந்து கிடக்கும் வெள்ளை டைல்ஸை வாங்கிச் சில்லு சில்லாகப் பதிக்கலாம். பார்வைக்கு மிக அழகு, பூச்சைவிடப் பல வருஷம் கூடுதலாக உழைக்கும். கடப்பா கல் மட்டும் மாடிக்கு வேண்டவே வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்பதற்காகப் போடுகிறார்கள். கறுப்பு நிறம் வெயிலை அப்படியே குடிக்கும்.

பூச்சு பெரும்பாலும் உரிவது பெயின்டால் அல்ல, அவசரத்தால். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரி, பிப்ரவரியில் செய்யுங்கள். முதலில் குழாய் வாயை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கசிவைக் கண்டுபிடியுங்கள். விரிசலை V வடிவில் கீறி, பாலிமர் கலந்த கலவையால் அடையுங்கள். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் காய விடுங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் தாளின் அடியில் முத்து முத்தாக நீர் இருந்தால் தளத்துக்குள் ஈரம் இருக்கிறது. அதன் மேல் அடித்தால் வெயிலில் அப்பளம் போலக் கொப்பளித்து எழும். தண்ணீர் கலந்த முதல் கோட், பிறகு கெட்டியாக இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. காலை 10 மணிக்குள் அல்லது மாலை 4 மணிக்கு மேல்தான் அடிக்க வேண்டும். சூடேறிய தளத்தில் ஒட்டுவதற்கு முன்பே காய்ந்துவிடும். கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் ஓர் அடி உயரத்துக்கும் ஏற்றுங்கள், கசிவு அந்த மூலையில்தான் தொடங்கும். டின்னில் போட்டிருக்கும் பரப்பளவைவிட அதிகமாக ‘இழுத்துத் தருகிறேன்’ என்று மேஸ்திரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் மார்ச்சில் கழுவி விடுங்கள். தூசி படிந்த வெள்ளை வெயிலைத் திருப்பாது.

அடுத்து மேற்கு முகப்பு. உங்கள் எலிவேஷன் ஆசையை இங்கேதான் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும், கறுப்புக் கல்லை விட்டுவிட்டு. மே மாதம் மாலை 4 மணிக்கு வெயில் மிகவும் சாய்ந்து வருகிறது. இரண்டடி சன்ஷேட் ஜன்னலில் ஒன்றரை அடிக்குத்தான் நிழல் தரும். நாலடி ஜன்னல் என்றால் மீதி இரண்டரை அடியில் வெயில் நேராக விழும். அதனால் மேற்கே நேர்நிமிர்ந்த மறைப்பு வேண்டும். சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டடி தள்ளி செம்மண் ஜாலி (துளைகள் விட்ட சுட்ட மண் தடுப்பு) கட்டினால் முகப்பே மாறிவிடும். மாலை வெயிலில் தரையில் விழும் அதன் நிழல் கோலத்துக்காகவே கட்டலாம். மூன்று வரிசைக்கு ஒரு 8 மி.மீ. கம்பி கொடுத்து இரண்டு பக்கமும் சுவரோடு இணையுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் கம்பி வலையில் ரங்கூன் மல்லி ஏற்றுங்கள், நம் வெயிலைத் தாங்கும். சுவருக்கு வெளிர் நிறம். உள்ளே போடும் திரைச்சீலை கண்ணுக்குத்தான். கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு திரும்பிப் போகாது.

ஜன்னல் மாற்றுவதானால் ஸ்லைடிங் வேண்டாம். இரண்டு கதவு ஸ்லைடிங்கில் பாதி எப்போதும் மூடியேதான் இருக்கும். கதவு போல வெளியே திறக்கும் ஜன்னல் முழுக் காற்றையும் விடும். நம் பக்கம் கோடை மதியத்தில் காற்று வறண்டிருப்பதால் தண்ணீர் தெளித்த வெட்டிவேர் தட்டி நன்றாக வேலை செய்யும். கடலோர ஊர்களில் அவ்வளவு பலன் இருக்காது.

மின்விசிறி மாற்றுவது சின்ன வேலை, பலன் பெரிது. பழையது 75 வாட் இழுக்கும், மின்சாரம் மிச்சமாக்கும் பிஎல்டிசி மோட்டார் விசிறி 30 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம், நாலு விசிறிக்கு 160. தமிழ்நாட்டில் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் கட்டணமும் கூடுவதால், 160 யூனிட் குறைந்து அந்த வரம்புக்குள் வந்தால் மிச்சம் இன்னும் பெரியது.

ஃபால்ஸ் சீலிங் சூட்டைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பத்தடி உயர அறையில் முக்கால் அடி இறக்கி, விசிறி ராடையும் குட்டையாக்கினால் இறக்கைக்கு மேலே காற்று இழுக்க இடமில்லாமல் போகும். மேலே கசிந்தாலும் கறை தெரியும் வரை உங்களுக்குத் தெரியாது. அழகுக்குத்தான் வேண்டுமென்றால் அறையின் ஓரங்களில் மட்டும் இறக்கி, நடுவில் விசிறிக்கு இடம் விடுங்கள்.

இரண்டாவது ஏசியைப் பற்றி, மாடி வேலை முடித்து ஒரு கோடை கழித்து யோசியுங்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால், இப்போது ஒன்றரை டன் கேட்கும் அறைக்கு அப்போது ஒரு டன் போதுமா என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். 24 டிகிரியில் வைத்து விசிறியையும் ஓட விடுங்கள்.