மலைப்பாதை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 52 வயது, கணவருக்கு 56. வருகிற அக்டோபரில் நேபாளத்தில் ஜிரியிலிருந்து நாம்சே பஜார் வரை முதுகுப்பையோடு நடக்க ஆசை. தினமும் பத்து கிலோமீட்டர் வாக்கிங் போகிறோம். ஆறு நாளில் முடித்துவிடலாமா? — ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முடியாது அம்மா. பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். வ.உ.சி. பூங்காவில் நடக்கிற பத்து கிலோமீட்டர் வேறு, இது வேறு.

அந்தப் பக்கத்து ஆறுகள் வடக்கிலிருந்து தெற்கே இறங்குகின்றன. ஜிரியிலிருந்து போகிற பாதையோ முதல் சில நாட்கள் கிழக்கு நோக்கிப் போகிறது. அதனால் குறுக்கே வருகிற ஒவ்வொரு மலைமுதுகிலும் ஏறி, மறுபக்கம் ஆறு வரை இறங்கி, மறுபடி ஏற வேண்டும். தூத்கோசி ஆற்றைத் தாண்டிய பிறகுதான் பாதை வடக்கே திரும்பும். ஆகவே கிலோமீட்டரை விடுங்கள், ஒரு நாளில் எத்தனை மீட்டர் ஏற்றம் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிஞ்சா கிராமம் சுமார் 1,630 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடுத்து வரும் லாம்ஜுரா கணவாய் 3,530. அதாவது 1,900 மீட்டர் ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ரயில் ஏறுகிற உயரமும் ஏறக்குறைய இதேதான். அந்த ரயிலே பல்சக்கரம் பிடித்துத்தான் ஏறுகிறது! ஒரே நாளில் ஏறப் பார்க்காதீர்கள். நடுவில் சேத்தே கிராமத்தில் இரவு தங்கிவிட்டு, காலையில் கிளம்பிக் கணவாயைத் தாண்டினால் சாயங்காலத்துக்குள் ஜுன்பேசி கிராமம்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் என்னைப் படுத்தியது. அதற்கடுத்த தக்சிந்து கணவாயிலிருந்து தூத்கோசிப் பாலம் வரை ஒன்றரை கிலோமீட்டர் உயரம் கீழே இறங்கினேன். கால் நகம் வெட்டாமல் போயிருந்தேன். ஒவ்வொரு படியிலும் கட்டைவிரல் ஷூவின் முன்பக்கத்தில் இடித்துக்கொண்டே வந்தது. ராத்திரி காலுறையைக் கழற்றினால் இரண்டு நகமும் நாவல்பழ நிறம். ஊருக்குத் திரும்பி ஒரு மாதத்தில் இரண்டும் விழுந்தன. நகவெட்டி ஐம்பது கிராம்கூட இருக்காது, எடுத்துப்போங்கள். புது ஷூ வேண்டவே வேண்டாம். கைத்தடி ஆளுக்கு இரண்டு.

நடந்து போவதில் ஒரு லாபம் உண்டு. நாம்சேவுக்குக் கீழே விமான நிலையம் இருக்கிற லுக்லாவுக்கு விமானத்தில் வருகிறவர்கள் இறங்கும்போதே 2,800 மீட்டருக்கு மேல் நிற்கிறார்கள். உங்களுக்கோ அதற்குள் உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும். ஆனாலும் நாம்சே 3,440 மீட்டர், அங்கே இரண்டு இரவு தங்குங்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஒரு அடி வைக்கக் கூடாது.

திரும்ப லுக்லாவில் விமானம் ஏறுவதானால் கையில் இரண்டு நாள் உபரி இருக்கட்டும். மேகம் இறங்கினால் விமானம் வராது.

கேள்வி: ஆதார் அட்டை போதுமா? விசா வேண்டுமா? — ஒரு வாசகர், தேனி

பதில்: இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டையை எடுத்துப்போங்கள். ஆதாரை நம்பி விமான நிலையம் வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு. நம் ஒரு ரூபாய்க்கு நேபாளத்தில் 1.60. சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், மலையில் பெரிய நோட்டை மாற்ற ஆள் தேட வேண்டும்.

கேள்வி: வழியில் கோவேறு கழுதைகள் வரும் என்கிறார்களே, பயமா? — கல்லூரி மாணவி, மதுரை

பதில்: கழுதைக்கு உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. அதன் இரண்டு பக்கமும் கேஸ் சிலிண்டர் தொங்குகிறது, அதன் அகலம் அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். மணிச்சத்தம் கேட்டதுமே மலைச்சுவர்ப் பக்கம் ஒட்டி நின்றுவிடுங்கள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால் சிலிண்டர் இடிக்கிற வேகத்தில் உருள வேண்டியதுதான். தொங்கு பாலத்தில் எதிரே வருகிறதென்றால் கரையிலேயே காத்திருங்கள்.

கேள்வி: சுத்த சைவம். பருப்புப்பொடி, ஊறுகாய், தொக்கு எல்லாம் சேர்த்து மூன்று கிலோ வருகிறது. எடுத்துப்போகலாமா? — ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: தண்ணீரோடு சேர்த்து மொத்தப் பையே ஒன்பது கிலோவைத் தாண்டக் கூடாது சார்! விடுதிகளில் தால்பாத் கிடைக்கும். சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, கொஞ்சம் கீரை. பருப்பும் சோறும் மறுபடி கேட்டால் போடுவார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. எட்டாம் நாள் மட்டும் நாக்கு புளிக்கு ஏங்கும். அதற்கு நூறு கிராம் புளிக்காய்ச்சல் போதும், டப்பாவை இறுக்கி மூடுங்கள். என்னுடையது ஜுன்பேசியில் தூக்கப்பைக்குள் கொட்டிவிட்டது.