கார் ரிமோட் சாவியின் பேட்டரியை வீட்டிலேயே மாற்றலாமா, சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டுமா?

மாற்றலாம், தாராளமாக. உங்கள் கேள்வியில், ‘வீட்டில் திறந்தால் சாவியின் ப்ரோக்ராமிங் அழிந்துவிடும் என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்த பிறகு சும்மா கடந்து போக மனசு வரவில்லை. அதே வசனத்தை எனக்கும் ஒருவர் சொன்னார். அவரிடம் பிறகு வருகிறேன்.

என்ன வண்டி என்று நீங்கள் எழுதவில்லை, நானே ஊகித்துக்கொள்கிறேன். பட்டன் ஸ்டார்ட் வண்டி. வாங்கி சில வருடம் ஆகியிருக்கும். முன்பெல்லாம் லிஃப்டில் இருந்து இறங்கும்போதே திறந்த கதவு, இப்போது பக்கத்தில் போய் இரண்டு தடவை அமுக்கினால்தான் திறக்கிறது. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்டு ஏதோ எச்சரிக்கை வருகிறது. சரிதானே? அப்படியானால் மேலே படியுங்கள். இரண்டாவது சாவியும் அதே மாதிரி மக்கர் செய்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் சாவியில் இருக்காது. வண்டியின் பெரிய பேட்டரியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. தொலைபேசி இலாகாவில், எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கார்டு கழற்றுவது, சால்டர் வைப்பது, மல்டிமீட்டர் பிடிப்பது எல்லாம் சம்பளத்துக்குச் செய்த வேலை. பெருமைக்காகச் சொல்லவில்லை (சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்). ‘யூடியூப் பார்த்துவிட்டு ஒரு பாட்டி உளறுகிறார்’ என்று கீழே யாராவது எழுதுவார்கள், அவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் விடியற்காலை நானும் என் நாத்தனாரும் கோயம்பேடு பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். சாமந்தி, கதம்பம், பொரி, வாழைக்கன்று, திருஷ்டிப் பூசணிக்காய் என்று நாலு கையும் நிறைய வந்து நின்றால் கார் திறக்கவில்லை. அமுக்கினேன், அசையவில்லை. கதவோடு ஒட்டி வைத்து அமுக்கினேன், ம்ஹூம். நாத்தனார் உடனே, “அண்ணி, அண்ணனுக்குப் போன் போடட்டுமா?” என்றாள். அவள் அண்ணனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, கார் ஓட்டவே தெரியாது. வந்தால் பூசணிக்காயைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். அதற்குள் மூட்டை தூக்குகிறவர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கண்ணாடி இடுக்கில் ஸ்கேலை விட்டுத் திறந்து தருவதாக ஒருவர் சொன்னார்.

ஸ்கேல் எல்லாம் வேண்டாம். இந்த வகைச் சாவியின் ஓரத்தில் ஒரு சின்ன லாக் இருக்கும். அதை நகர்த்தி இழுத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி வெளியே வரும். டிரைவர் பக்கக் கைப்பிடியில் சாவித் துவாரம் இருக்கும், சில வண்டிகளில் அது ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருக்கும். திறந்தேன். அலாரம் ஊரையே கூட்டியது. ரிமோட்டில் பூட்டியதை வெறும் சாவியால் திறந்தால் பல வண்டிகள் அப்படிக் கத்தும், பயப்பட வேண்டாம். உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து, சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டி வைத்து, அந்தச் சாவியாலேயே பட்டனை அமுக்கினேன். வண்டி கிளம்பியது, அலாரம் நின்றது. ஸ்கேல்காரர் முகத்தில் லேசான ஏமாற்றம். (எல்லா வண்டியிலும் ஸ்டார்ட் பட்டனில்தான் வைக்க வேண்டும் என்று இல்லை. சிலவற்றில் கியர் பக்கத்தில் அதற்கென்று ஓர் இடம் இருக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். அவசரம் வருவதற்கு முன்னால் பார்த்து வையுங்கள்.)

செல், அதாவது உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி, செத்துப்போன சாவி எப்படி வண்டியைக் கிளப்பியது? உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க இதற்குள் இருக்கிறது. அந்தச் சாவிக்குள் இரண்டு வேலை தனித்தனியாக நடக்கிறது. தூரத்தில் இருந்து கதவைத் திறப்பதும் பூட்டுவதும் ரேடியோ வேலை. நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அதற்குத்தான் செல் வேண்டும். ‘நான் இந்த வண்டியின் சாவிதான்’ என்று அடையாளம் காட்டுகிற சிப்புக்குச் செல் தேவையில்லை. ஸ்டார்ட் பட்டனைச் சுற்றியோ சாவித் துவாரத்தைச் சுற்றியோ ஒரு கம்பிச் சுருள் இருக்கும். அது கிளப்புகிற காந்தப் புலத்தில் இருந்தே அந்தச் சிப் தனக்கு வேண்டிய கரண்டை எடுத்துக்கொள்ளும். சில சென்டிமீட்டர் தூரம்தான் எட்டும், அதனால்தான் ஒட்டி வைக்கச் சொல்கிறார்கள். ரகசிய எண், ஒவ்வொரு அமுக்கலுக்கும் மாறுகிற குறியீடு எதுவரை வந்திருக்கிறது என்ற கணக்கு, எல்லாம் கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாத மெமரியில் எழுதப்பட்டிருக்கும். போனில் இருந்து சிம் கார்டைக் கழற்றி டிராயரில் போட்டால் உங்கள் நம்பர் அழிந்தா போகிறது?

செல் மாற்றிய பிறகு சாவியையும் வண்டியையும் மறுபடி ஒத்திசைக்க வேண்டிய சில பழைய வண்டிகள் உண்டு. சாவியைப் போட்டுத் திருப்பி, ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்தால் முடிந்துவிடும். அதைச் சொல்லாமல் விட்டேன் என்று யாரும் வந்துவிடக் கூடாது.

இப்போது அந்த வசனத்துக்கு வருகிறேன். பண்டிகை முடிந்து வண்டியைச் சர்வீஸுக்கு விட்டபோது, சாவிக்குச் செல் போட எவ்வளவு என்று கேட்டேன். “சார் வரலையா மேடம்?” இதுதான் பதில். வண்டி என் பேரில், லைசென்ஸ் என்னிடம், மாதத் தவணை கட்டியது என் கணக்கில் இருந்து. சார் எதற்கு? சார் வீட்டில் நியூஸ் பார்க்கிறார் என்றேன். “இது எலக்ட்ரானிக் ஐட்டம் மேடம். வீட்ல ஓப்பன் பண்ணா ப்ரோக்ராமிங் போயிடும், அப்புறம் புது சாவிதான் போடணும்” என்றார். “அது எந்த மெமரியில இருக்கு தம்பி?” என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்து, “சிஸ்டத்துல இருக்கு மேடம்” என்றார்.

செல்லுக்கும் கூலிக்கும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலே இருப்பவர்கள் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார். செல்லுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு மாற்றித் தருகிற நல்ல சென்டர்களும் இருக்கின்றன, ஆகவே அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். என் கோபம் அந்த ‘சார் வரலையா’ மேல் மட்டும்தான்.

செல் வாங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். பக்கத்துத் தெரு வாட்ச் கடையிலேயே கிடைக்கும், ரிச்சி தெருவுக்குப் போவது என் பழைய ஆசை. காரை அங்கே எடுத்துப் போவது பைத்தியக்காரத்தனம் என்பதால் மெட்ரோவில் அரசினர் தோட்டம் வரை போய், அங்கிருந்து நடை. அந்த நடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ரயில் குளுகுளு என்று இருக்கிறது, படி ஏற எஸ்கலேட்டர் இருக்கிறது, எல்லாம் சரி. வெளியே வந்து நாலு எட்டு வைத்தால் நடைபாதை மேல் பைக், பைக்குக்கு அடுத்து ஜங்ஷன் பெட்டி, அதற்கடுத்து தூக்கி வைத்த சிமெண்ட் பலகை. கீழே இறங்கி நடந்தால் எதிர்த் திசையில் வருகிற பைக்காரர் நம்மை முறைக்கிறார். முழங்கால் வலிக்காரர்கள் எங்கே நடப்பது? ‘கார் இருக்கிறதே, உங்களுக்கு என்ன’ என்று கேட்பவர்களுக்கு ஒன்று: காரில் வந்தால் நிறுத்த இடம் இல்லை, மெட்ரோவில் வந்தால் நடக்க இடம் இல்லை. பறந்துதான் வர வேண்டும்.

சரி, செல்லுக்கு வருகிறேன். பல சாவிகளில் சிஆர் 2032 இருக்கும், ஆனால் ஊகித்து வாங்காதீர்கள். பழையதன் முதுகில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் விட்டம், 20 மில்லிமீட்டர். அடுத்த இரண்டு கனம், 32 என்றால் 3.2 மில்லிமீட்டர். 2025 என்றால் அதே அகலம், 2.5 மில்லிமீட்டர் கனம். 1620 என்றால் அகலமே குறைவு. மூன்றுமே 3 வோல்ட்தான், அதனால் கடைக்காரர் ‘எதைப் போட்டாலும் ஒன்றுதான்’ என்பார். 2032 இருந்த இடத்தில் 2025 போட்டால் உள்ளே தளர்ந்து, சாவி கீழே விழும்போதெல்லாம் தொடர்பு விட்டுப்போகும். நல்ல கம்பெனிச் செல் அட்டையோடு இரண்டு வாங்கினேன், நூறு ரூபாய் தாளில் சில்லறை மிச்சம் வந்தது. தேதி பார்த்து வாங்குங்கள். உதிரியாக டப்பாவில் போட்டு விற்பதை வாங்காதீர்கள், ஒன்றோடு ஒன்று உரசியே பாதி செத்திருக்கும்.

திறப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரும்புச் சாவியை உருவிய இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். தட்டை ஸ்க்ரூடிரைவர் முனையில் துணி சுற்றி அதில் வைத்து மெல்லத் திருகினால் ‘டக்’ என்று இரண்டாகப் பிரியும். கீழே வெள்ளைத் துண்டு விரித்துக்கொள்ளுங்கள், பட்டன் ரப்பர் நழுவி விழும். பழைய செல்லை எடுப்பதற்கு முன் போனில் ஒரு போட்டோ எடுங்கள். பிளஸ் பக்கம் மேலேயா கீழேயா என்பது சாவிக்குச் சாவி மாறும். செல்லைப் பிடித்திருக்கும் தகட்டை நெம்பாதீர்கள், அது வளைந்தால்தான் உண்மையில் செலவு. புதுச் செல்லை விளிம்பில் பிடித்துப் போடுங்கள், எண்ணெய்க் கை ஆகாது. நம் ஊர் ஈரக்காற்றுக்கும் வியர்வைக்கும் உள்ளே பச்சை பூத்திருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, காயவிட்டு மூடுங்கள்.

உங்களுடையது மடக்குச் சாவியாக இருந்தால் மட்டும் ஓர் எச்சரிக்கை. சிலவற்றில் நான் சொன்ன அடையாளச் சிப் தனியாக, நகத்தைவிடச் சின்னதாக, கூட்டுக்குள் சும்மா செருகியிருக்கும். செல் இருக்கிற மூடியை மட்டும் திறங்கள். முழுக் கூட்டையும் பிரித்து அது எங்காவது உருண்டு போனால் கதவு திறக்கும், வண்டி கிளம்பாது. சர்வீஸ் சென்டர் சொல்கிற ‘புது சாவி’ அப்போது நிஜமாகவே தேவைப்படும்.

பழைய செல்லை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இதில் மட்டும் நான் விளையாட்டாகப் பேசுவதில்லை, வீட்டில் பேரன் இருக்கிறான். சாவிக்கு வேலை செய்யாத செல்லிலும் மிச்சக் கரண்ட் இருக்கும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தசையை அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், நேரத்தைக் கடத்தாமல், எக்ஸ்ரே எடுக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பழைய செல்லின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். குழந்தைகள் துப்பிவிடட்டும் என்று சில கம்பெனிகள் செல்லில் கசப்புப் பூசி விற்கின்றன, நல்ல விஷயம். ஆனால் அந்தப் பூச்சு சில கருவிகளில் தொடர்பைத் தடுக்கும்.

ஆகவே புதுச் செல் போட்டும் உயிர் வரவில்லையென்றால் முதலில் பிளஸ், மைனஸ் பாருங்கள், பிறகு வேறு கம்பெனிச் செல் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். போனால், பில்லில் ‘ப்ரோக்ராமிங்’ என்று ஒரு வரி இருந்தால் என்ன ப்ரோக்ராம் செய்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் இங்கே வந்து சொல்லுங்கள்.