பழைய வெஸ்ட்ஃபாலியாவுக்குப் புது எஞ்சின்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அண்ணா, என்னிடம் 1987 ஃபோக்ஸ்வாகன் வனகன் வெஸ்ட்ஃபாலியா கேம்பர் வேன் இருக்கிறது. 2.1 லிட்டர் எஞ்சின், கூலன்ட் ஒழுகுகிறது. ஹெட்டைக் (சிலிண்டர்களை மூடும் பகுதி) கழற்றினால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது, பேசாமல் சுபாரு எஞ்சின் போட்டுவிடுங்கள் என்கிறார் மெக்கானிக். பழைய சுபாரு எஞ்சின் ஆயிரம் டாலருக்கே கிடைக்கிறதாம். போடலாமா?
(ஒரு வாசகர், ஸ்காபரோ)

பதில்: போடலாம். ஆனால் அந்த ஆயிரம் டாலரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், இந்த வேலையில் மலிவான பொருளே எஞ்சின்தான். அதை உங்கள் கியர்பாக்ஸோடு சேர்க்க அடாப்டர் பிளேட் வேண்டும், அதற்கேற்ற ஃப்ளைவீல் வேண்டும், சுபாருவின் ஆயில் பான் கீழே அதிகம் தொங்கும் என்பதால் உயரம் குறைத்த பான் வேண்டும், கூலன்ட் குழாய்கள் வந்து சேரும் பக்கத்தை மாற்ற வேண்டும், எக்ஸாஸ்ட் புதிதாகச் செய்ய வேண்டும், இதெல்லாம் முடிந்த பிறகு வயரிங். சுபாரு காரின் வயர் கட்டைப் பிரித்து, எஞ்சினுக்கும் கம்ப்யூட்டருக்கும் வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுப்பது பொறுமையான ஆள் செய்ய வேண்டிய வேலை. கராஜில் கொடுத்து முழுதாக முடித்தால் 15,000 கனடிய டாலர் வரை ஆகும் என்று எதிர்பாருங்கள், அதைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. நீங்களே செய்தால் பாதிச் செலவில் முடிக்கலாம், ஆனால் வேன் எத்தனை மாதம் ஷெட்டில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

அதனால் முதலில் இப்போதுள்ள எஞ்சினைச் சோதியுங்கள். இந்த வாஸர்பாக்ஸர் எஞ்சினில் (சிலிண்டர்கள் படுத்திருக்கும், கூலன்ட்டால் குளிரும் வகை) கூலன்ட் பெரும்பாலும் ஹெட்டின் வெளிப்பக்கம் கசிவைத் தடுக்க வைத்திருக்கும் ரப்பர் கேஸ்கெட் வழியாகத்தான் கசியும். தவறான கூலன்ட் ஊற்றினாலோ, வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டாலோ அந்த இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும் (பாஸ்பேட் இல்லாத கூலன்ட்தான் இதற்குச் சரி). கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஆயில் பிரஷரும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் ஹெட்டைச் சரி செய்தோ புது ஹெட் வாங்கியோ மாட்டி ஓட்டுங்கள், என் ஓட்டு அதற்குத்தான். கிராங்க்ஷாஃப்ட், பேரிங் இருக்கும் கீழ்ப்பகுதியே தேய்ந்துவிட்டது என்றால் கதை வேறு. எஞ்சினைப் பிரித்து முழுதாகப் புதுப்பிக்கும் ரீபில்ட் செலவும் எஞ்சின் மாற்றும் செலவும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், அப்போது சுபாருவுக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது.

போனால் 1990 முதல் 1996 வரை வந்த 2.2 லிட்டர் எஞ்சினைத் தேடுங்கள். அதுவும் படுத்த நான்கு சிலிண்டர்தான், அதனால் பின்னால் இருக்கும் மெத்தைக்குக் கீழே அடங்கிவிடும். உங்கள் எஞ்சினின் 90, 95 குதிரைத்திறன் 130 ஆகிவிடும், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் உடையாது. 2.5 லிட்டருக்கு ஆசைப்பட வேண்டாம். அதன் முதல் தலைமுறை ஹெட் கேஸ்கெட் தொல்லைக்கே பேர் போனது, ஒரு கசிவிலிருந்து தப்பித்து இன்னொரு கசிவுக்குள் போவானேன்?

இன்னொன்று. எஞ்சின் எதுவானாலும் பின்னாலிருந்து முன் ரேடியேட்டர் வரை ஓடும் அந்த நீளமான பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்களையும், எல்லா பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். இந்த வேன்கள் தீப்பிடிப்பதற்கு வெடித்துப்போன பழைய ஹோஸ் முக்கியமான காரணம். உள்ளே குழந்தைகளைத் தூங்க வைக்கும் வண்டி, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எங்களுடையது 1985 வனகன், 1.9 பெட்ரோல். ராக்கீஸ் மலை ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்கிறோம். ஃபோக்ஸ்வாகன் 1.9 டிடிஐ டீசல் போட்டால் எரிபொருள் மிச்சத்திலேயே காசு திரும்பி வந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
(கால்கரி வாசகி)

பதில்: மலையில் உங்களுக்குச் சந்தோஷம் கிடைக்கும், காசு திரும்பி வராது. டிடிஐ 90 குதிரைத்திறன்தான், ஆனால் கீழ் வேகத்திலேயே நல்ல இழுவை இருப்பதால் ஏற்றத்தில் மூச்சு வாங்காது. சிக்கல் என்னவென்றால் டீசல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். உங்கள் பெட்ரோல் கியர்பாக்ஸை அப்படியே வைத்தால் ஹைவேயில் எஞ்சின் கத்திக்கொண்டே வரும், அதனால் கியர் விகிதத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவைத்தான் பலர் ஆரம்பத்தில் எழுதுவதே இல்லை. எஞ்சினை 50 டிகிரி சாய்த்து வைக்க, அந்தக் காலத்து டீசல் வனகனின் பிராக்கெட்டும் ஆயில் பானும் வேண்டும். வட அமெரிக்காவில் டீசல் வனகன் இரண்டு வருடம்தான் விற்றார்கள், பார்ட்ஸ் தேடி அலைய வேண்டும். வருடத்துக்குச் சில வாரம் மட்டும் ஓடும் வேனில் மிச்சமாகும் எரிபொருள் இத்தனைக்கும் ஈடாகாது. வருடம் முழுக்க அதிலேயே ஊர் சுற்றுகிறீர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள். பொறுமையாக ஏறினால் பரவாயில்லை என்றால் இருக்கும் எஞ்சினை ட்யூன் செய்துவிட்டு வலது பாதையிலேயே போங்கள், தப்பே இல்லை.

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஏற்கெனவே எஞ்சின் மாற்றிய வனகன் ஒன்று விற்பனைக்கு வருகிறது. டொராண்டோவுக்குக் கொண்டுவரலாமா?
(மிசிசாகா வாசகர்)

பதில்: கொண்டுவரலாம். 15 வயது தாண்டிய வண்டிகளுக்கு இறக்குமதி விதிகள் எளிது. ஒன்டாரியோவில் கார்களுக்கான புகைப் பரிசோதனையை 2019-லேயே நிறுத்திவிட்டார்கள், ஆனால் வண்டி ஓட்டத் தகுந்தது என்று சொல்லும் சேஃப்டி சான்றிதழ் கட்டாயம். கலிஃபோர்னியாவில் எஞ்சின் மாற்றினால் அரசின் ரெஃப்ரீ (இப்படிப்பட்ட மாற்றங்களைச் சரிபார்ப்பவர்) பார்த்து ஒப்புதல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மாற்றும் எஞ்சின் வேனைவிடப் பழையதாக இருக்கக் கூடாது, அதன் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் எல்லாம் இருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் இருந்தால் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்று ஓரளவு நம்பலாம். எந்தக் காரின், எந்த வருட எஞ்சின் என்று எழுதி வாங்குங்கள், வயரிங் படம் கேளுங்கள். நாளைக்கு சென்சார் ஒன்று போனால் உங்கள் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். அதைக் கொடுக்க முடியாதவரிடம் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். இன்ஷூரன்ஸ்காரரிடமும் எஞ்சின் மாற்றியதை முதலிலேயே சொல்லி, வேனின் மதிப்பை எழுத்தில் வாங்கிய பிறகு விற்பவருக்குப் பணம் அனுப்புங்கள்.