சிஸ்டர் பதில்கள்: போர்டு மாட்டலாமா?

கே: என் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்று ஒரு மேற்படிப்பு இருக்கிறதாம். அமெரிக்காவில் அதைப் படித்தவர்கள் டாக்டர் போலவே மருந்து எழுதுகிறார்களாம். வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன், செலவுக்குத் தயார். படித்து முடித்ததும் எங்கள் தெருவிலேயே கிளினிக் வைத்து வாசலில் போர்டு மாட்டலாமா?
– ஒரு தந்தை, கொண்டலாம்பட்டி

ப: போர்டு எழுதக் கொடுத்திருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

அமெரிக்கக் கதை உண்மைதான். 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். டாக்டர் கைக்கு எட்டாத இடத்துக் குழந்தைகளைக் கூடுதல் பயிற்சி பெற்ற செவிலியர் பார்க்கட்டுமே என்பதுதான் எண்ணம். இன்று அங்கே பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலே அவர்கள் நோயாளியைப் பார்த்து மருந்து எழுதலாம். அந்தந்த மாநிலச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. நம் ஊரில் அப்படி இல்லை. இந்தப் படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் மகள் தெருவில் கிளினிக் திறந்தால், 'போலி டாக்டர் கைது' என்ற தலைப்பில்தான் பேப்பரில் பெயர் வரும்.

ஆனால் படிப்பு நல்ல படிப்பு. இந்தியச் செவிலியர் கவுன்சில் வகுத்திருக்கும் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு இது. தீவிர சிகிச்சைக்கென்றே உள்ளது. பி.எஸ்சி. முடித்து, மாநிலச் செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்து, குறைந்தது ஒரு வருடம் மருத்துவமனையில் வேலை பார்த்திருக்க வேண்டும். நியாயம்தானே? நேற்று பட்டறைக்கு வந்த பையன் கையில் வெள்ளி உருக்கும் மூசையைக் கொடுப்பீர்களா? உயர்நிலை உடற்பரிசோதனை, நோய்க்கூறியல், மருந்தியல் என்று பாடங்கள் உண்டு. ஆனால் வகுப்பறைக்கு ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான். மீதி நான்கு பங்கும் நோயாளியின் கட்டில் அருகே.

அந்த நான்கு பங்கில் என்ன கற்கிறார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அதிகாலை மூன்று மணி. வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஆக்சிஜன் அளவு 96-இலிருந்து சரசரவென்று 80-க்கு இறங்குகிறது, அலாரம் அலறுகிறது. பயிற்சி இல்லாதவர் அலாரத்தை அமர்த்திவிட்டு டாக்டருக்குப் போன் போட ஓடுவார். பயிற்சி பெற்றவர் டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டே, வென்டிலேட்டரைக் கழற்றி ஆம்பு பையை மாட்டிக் கையால் காற்று கொடுப்பார். வாய்வழியாக மூச்சுப்பாதைக்குள் விட்ட குழாய் நகர்ந்திருக்கிறதா என்று உதட்டோரத்து அளவுக் குறியைப் பார்ப்பார். சளி அடைத்திருக்கிறதா என்று உறிஞ்சிப் பார்ப்பார். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சின் இரு பக்கமும் வைத்து, ஒரு பக்கம் மூச்சுச் சத்தம் குறைந்திருக்கிறதா என்று கேட்பார். டாக்டர் கதவைத் திறக்கும்போது, "வலது பக்கம் காற்றே போகவில்லை சார்" என்று சொல்ல ஆள் இருக்கும். ரத்த வாயு பரிசோதனைத் தாளைப் படிப்பது, இசிஜி பார்ப்பது, மருத்துவமனை எழுதிவைத்த நெறிமுறைக்குள் நின்று மருந்தையும் பரிசோதனையையும் தொடங்குவது எல்லாம் இதே வகை.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்த ஒரு பெண் இந்தப் படிப்பை முடித்துவிட்டு, பழைய மருத்துவமனைக்கே திரும்பிப் போனாள். அதே டியூட்டி சார்ட், அதே சீருடை. சம்பளத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டினார்கள். எவ்வளவு என்று சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். கல்லூரிக்கு இந்தியச் செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா? சொந்த மருத்துவமனையில் எத்தனை வென்டிலேட்டர் ஓடுகிறது? படித்து வந்தபின் மகளுக்கு எந்தப் பதவி தருவார்கள்? மூன்றாவதற்குப் பதில் எழுத்தில் வேண்டும். இன்னொன்று: இங்கே வாங்கிய பட்டத்தைக் காட்டி அமெரிக்காவில் நேராக இந்த வேலைக்குப் போக முடியாது. அங்கே செவிலியர் தேர்வு எழுதித் தேறி, அவர்கள் ஏற்கும் மேற்படிப்பையும் முடிக்க வேண்டும்.

கே: ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை. எங்கள் துணை சுகாதார நிலையத்தில் டாக்டர் கிடையாது. சிஸ்டரே பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். நம்பிச் சாப்பிடலாமா?
– ஒரு தொழிலாளி, சேர்வராயன் மலை

ப: சாப்பிடுங்கள். உங்கள் சிஸ்டர் தன் இஷ்டத்துக்குக் கொடுப்பதில்லை. டாக்டர் முடிவு செய்த மாத்திரையை மாதாமாதம் கொடுத்து, அளவைப் பார்த்து, கட்டுக்குள் வராதவரை மேலே அனுப்புவதுதான் அவர் வேலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருவதும் இந்த வழியில்தான். முதல்நிலைச் சிகிச்சையில் சில மருந்துகளை மட்டும் சமுதாய சுகாதாரப் பணியாளர் கொடுக்க வரையறுக்கப்பட்ட உரிமம் தரலாம் என்று 2019-இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமும் 32-ஆம் பிரிவில் இடம் வைத்திருக்கிறது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அட்டையில் பிரஷரை எழுதாமல் மாத்திரையை நீட்டினால், "எழுதிக் கொடுங்கள் நர்சம்மா" என்று கேட்டு வாங்குங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் எனக்கு எழுதுங்கள்.

கே: இரவு டியூட்டியில் டாக்டர் போனிலேயே மருந்து சொல்கிறார். காலையில் கையெழுத்துப் போட மறந்துவிடுகிறார். ஏதாவது ஆனால் நான்தானே மாட்டுவேன்? 'ஸ்டாண்டிங் ஆர்டர்' எழுதி வாங்கு என்கிறார்கள் தோழிகள். அது என்ன பெரிய பாதுகாப்பு?
– ஸ்டாஃப் நர்ஸ், சூரமங்கலம்

ப: ஆமாம், நீங்கள்தான் மாட்டுவீர்கள். போனில் சொன்னால் மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் திருப்பிச் சொல்லி, அவர் "சரி" என்றபின் எழுதுங்கள். பக்கத்தில் இன்னொரு நர்ஸ் இருந்தால் அவர் காதிலும் விழட்டும். காலையில் சார்ட்டை நீட்டிக் கையெழுத்து வாங்காமல் டியூட்டியை ஒப்படைக்காதீர்கள்.

ஸ்டாண்டிங் ஆர்டர் வேறு. 'இன்ன நிலை வந்தால் இன்னதைச் செய்' என்று டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டு வைப்பது. 1986-இல் நான் மலைமேல் ஒரு சுகாதார நிலையத்தில் இருந்தபோது, எங்கள் டாக்டர் ஒரு முழுத் தாளில் அப்படி எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். ஐப்பசி மழை, மின்சாரம் இல்லை, டாக்டர் சேலத்துக்கு இறங்கியிருந்தார். லயன் வீட்டில் பிரசவமான ஒரு பெண்ணைக் கம்பளியில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. என்னோடு இருந்த சின்னப் பெண், கருப்பையைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்தும் மெத்தர்ஜின் ஊசியை உடைத்து மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிவிட்டாள். அந்தக் காலத்தில் இதற்கு எல்லோர் கையும் முதலில் போவது அதற்குத்தான்.

டார்ச் வெளிச்சத்தில் தாளைப் பார்த்தேன். மெத்தர்ஜின் என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில், 'முதலில் பிரஷர் பார். அதிகமிருந்தால் போடாதே' என்று இருந்தது. பார்த்தேன்: 160/100. அந்த ஊசி பிரஷரை இன்னும் ஏற்றிவிடும். கீழே வை என்றேன். தாளில் இருந்தபடி, கருப்பையைச் சுருக்கும் இன்னொரு மருந்தான ஆக்சிடோசினை டிரிப்பில் விட்டு, அடிவயிற்றில் கை வைத்துக் கருப்பையைத் தேய்த்துக்கொண்டே தோட்டத்து ஜீப்பில் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கையை எடுக்கவில்லை. அடிவாரம் வருவதற்குள் உள்ளங்கைக்குக் கீழே கருப்பை கொய்யாக்காய் போலக் கெட்டியாகிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்துவிட்டு, அவள் பிள்ளையோடு மலையேறினாள்.

அந்தத் தாளில் 'செய்' என்ற வரிகள் பல இருந்தன; என்னையும் அவளையும் காப்பாற்றியது 'போடாதே' என்ற வரி. எழுதி வாங்கும்போது அதையும் கேட்டு வாங்குங்கள். இப்போது பேறுகால நர்ஸ் பிராக்டிஷனர் என்று 18 மாதப் பயிற்சியே வந்திருக்கிறது. அப்போது எங்களுக்கு அந்தத் தாள்தான் பயிற்சி.

கே: என் மகனுக்குத் தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிக்க ஆசை. ஆண் பிள்ளை படிக்கலாமா? 'சிஸ்டர்' என்று கூப்பிட்டுக் கேலி செய்ய மாட்டார்களா?
– ஒரு தாய், ஆத்தூர்

ப: படிக்கலாம். 'பிரதர்' என்று கூப்பிடுவார்கள். பையன் கொஞ்சம் வாட்டசாட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் தேடித் தேடித்தான் என் இடுப்பு போயிற்று.