டீசல் இயந்திரம் இருக்கட்டும், முதலில் கொட்டையைப் பிரித்தெடுங்கள்

கேள்வி: ஐயா, சொந்தத் தோப்புக் காயோடு அக்கம்பக்கத்தார் காயையும் அரைக்கும் சிறிய ஆலிவ் எண்ணெய் ஆலை வைத்திருக்கிறேன். இருகட்ட டிகாண்டர், அதாவது அரைத்த காயை வேகமாகச் சுழற்றி எண்ணெயை ஒரு பக்கமும் ஈரச் சக்கையை ஒரு பக்கமும் பிரிக்கும் மையவிலக்கு இயந்திரம். சீசனில் நாளொன்றுக்கு 8 டன் காய் ஓடும். ஈரச் சக்கை, காய் கழுவிய தண்ணீர், இலை தழை எல்லாமே பின்னால் இருக்கும் குட்டைக்குத்தான் போகிறது. இரண்டு வருஷமாகக் குட்டை நிரம்பி நாறுகிறது, பக்கத்துத் தோப்புக்காரர் புகார் கொடுத்துவிட்டார். ஒரு இயந்திர டீலர், சக்கையைக் காற்றில்லாமல் சூடாக்கி டன்னுக்கு 300 லிட்டர் பயோடீசல் எடுத்துத் தருகிறேன் என்கிறார். கரி தனியாக மிஞ்சுமாம். மருந்துக் கம்பெனிகள் வாங்கும் ரசாயனமும் இதில் இருக்கிறதாம். கடன் வாங்கிப் போடலாமா? அதுவரை நாற்றத்துக்கு நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: கடன் வாங்காதீர்கள். கரைசலும் வேண்டாம். காரணம் சொல்கிறேன், ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இயந்திரம் அல்ல, 'எல்லாமே' என்ற அந்தச் சொல்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

டீலரின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். இருகட்ட டிகாண்டரில் வரும் சக்கையில் நூற்றுக்கு 65 பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில ஆலைகளில் 70-ஐயும் தாண்டும். ஒரு டன் சக்கையில் திடப்பொருள் 350 கிலோதான். அதிலிருந்து 300 லிட்டர் டீசல் என்றால், தண்ணீரையும் சேர்த்து அளந்திருக்கிறார் என்று அர்த்தம். காற்றில்லாமல் சுமார் 500 டிகிரியில் சூடாக்கும் முறையை, அதாவது பைரோலிசிஸை, மிக நன்றாக இயக்கினாலும் காய்ந்த எடையில் பாதிதான் திரவமாகக் கிடைக்கும். அந்தத் திரவத்திலும் ஏறத்தாழ கால்வாசி தண்ணீர். மீதி கறுப்பாக, புகை நாற்றத்தோடு, பி.எச். 2 அல்லது 3 அளவில் புளிப்பேறி நிற்கும். ஆக்ஸிஜன் மிகுந்த இந்த எண்ணெயின் வெப்பம் டீசலின் வெப்பத்தில் பாதிகூட வராது. இதை டிராக்டரில் ஊற்றினால் இன்ஜெக்டர் போய்விடும். இதற்குப் பயோடீசல் என்று பெயர் வைப்பதே தப்பு. பயோடீசல் என்பது கொழுப்பை மெத்தனாலோடு வினைபுரிய வைத்து எடுப்பது. சக்கையில் மிஞ்சும் எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும், காரம் சேர்த்தால் சோப்பாகத் திரியும். அந்த வழியும் உங்கள் அளவுக்கு ஆகாது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இயந்திரத்துக்குள் போடும் முன் சக்கையின் ஈரத்தைப் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு டன்னிலிருந்து சுமார் 610 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். உலர்த்தியின் இழப்பையும் சேர்த்தால் இதற்குச் சுமார் 2,000 மெகாஜூல் வெப்பம் பிடிக்கும், அதாவது சுமார் 120 கிலோ ஆலிவ் கொட்டையை எரிக்கும் வெப்பம். ஒரு டன் சக்கையில் மொத்தமாக இருக்கும் கொட்டையே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, ஒரு டன்னில் உள்ள நல்ல எரிபொருள் முழுவதும் அந்த ஒரு டன்னைக் காயவைக்கவே போய்விடும். இந்த வரி டீலரின் விளம்பரத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரைச் சத்து இருப்பதால் சக்கை உலர்த்தியின் சுவரில் பசைபோல் ஒட்டி, கருகி, சில சமயம் தீப்பிடிக்கவும் செய்யும் என்பதையும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

உலர்த்துவது விளையாட்டுக் காரியம் இல்லை என்பதற்கு 2001 ஜூலையில் ஸ்பெயினில் நடந்ததே சாட்சி. சக்கையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீன் என்ற பொருள் இருப்பதாகக் கண்டு அங்கே அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைத்தார்கள். சக்கையை அதிக வெப்பத்தில், புகை படும்படி உலர்த்தினால் வரும் வினை அது.

இப்போது அந்த 'எல்லாமே'. ஆலிவ் கழிவு ஒரே பொருள் அல்ல. கொட்டை நல்ல விறகு. சதை நீர்த்த, புளித்துப்போகும் பண்டம். இலை வேறு சரக்கு. கழுவிய தண்ணீர் வெறும் மண்ணும் தூசியும் கலந்த நீர். நான்கும் தனித்தனியாக இருக்கும்வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு. ஒரே குட்டையில் விழுந்தால் நான்கும் கெடும். டிகாண்டர் ஓடும் அன்றைக்கே பிரிக்காத ஆலைக்கு நான் எந்த இயந்திரத்தையும் சிபாரிசு செய்வதில்லை. பல பேர் இதைக் கேட்டுச் சலித்திருப்பார்கள், பரவாயில்லை.

கொட்டையிலிருந்து தொடங்குங்கள். சக்கை வெளியே வரும் இடத்தில் கொட்டை பிரிக்கும் சல்லடை இயந்திரம் ஒன்று போதும். நெருப்பும் இல்லை, ரசாயனமும் இல்லை. துளைத் தகட்டின் வழியே சதை பிதுங்கி வெளியேற, கொட்டைத் துண்டுகள் உள்ளே நின்றுவிடும். 8 டன் காயில் 800 கிலோ கொட்டையாவது தேறும். இரண்டு, இரண்டரை கிலோ காய்ந்த கொட்டை ஒரு லிட்டர் டீசலின் வெப்பத்தைத் தரும் என்று கொண்டால், அது நாளொன்றுக்குக் குறைந்தது 320 லிட்டர் டீசலுக்குச் சமம். டீலர் வாயால் தரும் டீசல் உங்கள் ஆலையில் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கிறது, நீங்கள்தான் அதைக் குட்டையில் தள்ளுகிறீர்கள்.

ஸ்பெயினின் பல ஆலைகளில் அரைத்த காய் விழுதைக் கலக்கும் தொட்டிக்கான வெந்நீர் சொந்தக் கொட்டையில்தான் காய்கிறது. மிஞ்சுவதை வீட்டு பாய்லர்களுக்கு விற்கிறார்கள். கொட்டையின் சாம்பல் ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். ஒரு சின்ன சோதனை: பிரித்த கொட்டையை உள்ளங்கையில் வைத்து நன்றாகத் தேயுங்கள். கையில் பழுப்புப் பசை ஒட்டினால் சதை சரியாகப் போகவில்லை. அந்தச் சதையிலுள்ள பொட்டாசியம் அடுப்பில் சாம்பலை உருக்கிக் கிட்டமாக்கி, தட்டில் பாறைபோல் ஒட்டிக்கொள்ளும். தேய்த்தால் மணல்போல் உதிர்ந்து கை சுத்தமாக இருந்தால் அதுதான் பாய்லருக்கு ஏற்ற கொட்டை. கரி வேண்டும் என்றாலும் இந்தக் கொட்டையில் செய்யுங்கள், ஈரச் சதையில் வேண்டாம்.

கொட்டை போன சதைக்கு வருவோம். எரிவாயு எடுக்கலாம். கொட்டையோடு கலனில் போட்டவர்கள் கதை தெரியும்: நுண்ணுயிர் அதைத் தொடாது, அடியில் படிந்துகொண்டே வந்து ஒரு நாள் கலனின் பாதியை அடைத்துவிடும். சதையை மட்டும் போட்டாலும் அப்படியே விடக் கூடாது. அது புளிப்பு, நைட்ரஜன் குறைவு, நுண்ணுயிரை அடக்கும் ஃபீனால் என்ற கசப்புச் சத்து அதிகம். மீத்தேன் தரும் நுண்ணுயிர் மூன்றையும் வெறுக்கும். மாட்டுச் சாணத்தோடு கலந்து, முதலில் பத்தில் ஒரு பங்கு சதை என்று தொடங்கி வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். சாணம் நைட்ரஜனும் தரும், புளிப்பையும் தாங்கும். பி.எச். 6.8-க்குக் கீழே இறங்கினாலோ, பர்னரில் சுடர் நிற்காமல் அணைந்தாலோ சதை போடுவதை உடனே நிறுத்துங்கள். சக்கை வருவது வருஷத்தில் சில மாதம்தான் என்பதால் சதையைக் காற்றுப் புகாமல் மூடி வைக்க இடம் வேண்டும். சாணம் வருஷம் முழுக்கக் கிடைக்காத இடத்தில் இந்த யோசனையையே விட்டுவிடலாம்.

அப்போது மக்க வைப்பதுதான் மிச்சம். அதை இளக்காரமாக நினைக்காதீர்கள். சதையோடு கவாத்துக் கிளைத் துண்டுகளும் எருவும் சேர்த்துக் குவித்து, காற்றோடப் புரட்டிக்கொண்டே வந்தால் குவியல் 55, 60 டிகிரிக்கு ஏறும், ஃபீனால் சிதையும், ஆறேழு மாதத்தில் பொட்டாசியம் நிறைந்த உரம் தோப்புக்கே திரும்பும். பச்சைச் சக்கையை மரத்தடியில் கொட்டுவது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். இத்தாலியில் 1996-ஆம் ஆண்டின் 574-ஆம் எண் சட்டம் ஆலிவ் கழிவுநீரை நிலத்தில் விட அனுமதிக்கிறது. ஆனால் வருஷத்துக்கு ஹெக்டேருக்கு அழுத்து ஆலை என்றால் 50 கனமீட்டர், மையவிலக்கு ஆலை என்றால் 80 கனமீட்டர் என்று வரம்பு கட்டித்தான். உங்கள் பகுதி விதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரசாயனம் பற்றி டீலர் சொன்னதில் பாதி உண்மை. காயிலுள்ள ஃபீனால்களில் எண்ணெய்க்குப் போவது இரண்டு சதவீதம் அளவுதான், மற்றதெல்லாம் கழிவோடு வெளியேறுகிறது. அதில் மதிப்புள்ளது ஹைட்ராக்ஸிடைரோசால் என்ற ஃபீனால். ஆலிவ் எண்ணெயின் பாலிஃபீனால்கள் ரத்தக் கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் அடையாமல் காக்க உதவுகின்றன என்ற கூற்றை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் ஏற்றது. அதற்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் ஹைட்ராக்ஸிடைரோசாலும் அதன் வழிப்பொருட்களும் வேண்டும் என்றும் சொன்னது. சதைத் தோலில் மாஸ்லினிக் அமிலம், இலையில் ஓலியூரோபின் என்று இன்னும் இருக்கின்றன. ஆனால் இவற்றைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டியும் பிசின் தூண்களும் பரிசோதனைக்கூடமும் உணவுத் தர உரிமமும் வேண்டும். ஆலைக் கொட்டகையில் கரைப்பான் டிரம்மை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை, தீ வைத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது விற்பது. அன்றன்றைய சதையும், காயோடு வந்த சுத்தமான இலையும் பிரித்தெடுக்கும் நிறுவனம் கேட்டால் கொடுக்கலாம். எட்டும் தூரத்தில் அப்படி ஒரு நிறுவனம் இருந்தால்தான், அதுவும் எழுத்து ஒப்பந்தத்தோடு. குட்டையில் ஊறிய சக்கைக்கு அங்கே மதிப்பில்லை. அதில் 4-எத்தில்ஃபீனால் உண்டாகிவிடும், உங்கள் பக்கத்துத் தோப்புக்காரரை விரட்டும் நாற்றத்துக்கு முக்கியக் காரணமே அதுதான். காற்றுப்படாத புளித்த குட்டையில் ஒரு குடம் கரைசல் ஊற்றி அதைப் போக்குவதாகச் சொல்பவர் உங்களிடம் கலங்கிய தண்ணீரை விற்கிறார்.

கொட்டையிலிருந்து எத்தனால் எடுக்கலாமே என்றும் யாராவது வருவார்கள். அதில் வரும் சர்க்கரையில் கணிசமான பங்கு சைலோஸ் என்ற வகை, சாதாரண ஈஸ்ட் அதைத் தொடாது. பெரிய ஆலைகளும் பல்கலைக்கழகங்களும் பார்க்கட்டும்.

டீலர் மறுபடி வந்தால் ஒன்று கேளுங்கள்: உங்கள் சக்கையையே கொண்டுபோய், முழு நாள் ஓட்டி, உள்ளே போன எடை, ஈரம், உலர்த்த எரித்த விறகு, வெளியே வந்த திரவத்தில் தண்ணீர் எவ்வளவு என்று நான்கையும் உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். வாங்கிய ஆலைக்காரர் ஒருவரின் முகவரியும் கேளுங்கள், அங்கே சீசன் நடக்கும்போது நீங்களாகவே போய்ப் பாருங்கள்.

குட்டைக்கு வருகிறேன். இந்தச் சீசன் முதல் ஒரு கூடை சக்கைகூட அதில் விழக் கூடாது. கழுவும் தண்ணீரை வேறு தொட்டிக்குத் திருப்பி, மண் தெளிந்ததும் திரும்பப் பயன்படுத்துங்கள். தேங்கியிருக்கும் கறுப்பு நீரை ஓடையில் திறந்துவிடாதீர்கள். அதன் வேதி ஆக்ஸிஜன் தேவை, அதாவது அதிலுள்ள கழிவு சிதைய எவ்வளவு ஆக்ஸிஜன் பிடிக்கும் என்ற அளவு, வீட்டுச் சாக்கடை நீரைப் போல நூறு மடங்குக்கு மேலும் இருக்கலாம், ஓடை மீன் ஒன்றும் மிஞ்சாது. வெயில் காலத்தில் ஆவியாகட்டும். அடிச்சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி, கிளைத் துண்டு இரண்டு பங்கு, சேறு ஒரு பங்கு என்று மக்கு குவியலில் சேர்த்துவிடுங்கள். சேற்றோடு வரும் கொட்டையைப் பொறுக்க நேரம் செலவழிக்க வேண்டாம், அது குவியலுக்குள் காற்றோட உதவும்.