தலைவலி நின்றது வயதால். விழுந்தது வயதால் அல்ல

கேள்வி: எனக்கு 68 வயது. சிங்கப்பூரில், அங் மோ கியோவில் கணவரோடு இருக்கிறேன். பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. நாலரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. மார்பில் சிவப்புப் புள்ளிகள், முட்டியில் சொடக்குச் சத்தம். இருபது வருடம் படுத்திய ஒற்றைத் தலைவலிகூட இப்போது வருவதில்லை, மூளை மரத்துப்போகிறதோ? தூக்கத்துக்காக எட்டு மாதமாக இரவில் மஞ்சள் நிறச் சளி மாத்திரை ஒன்று போடுகிறேன். இணையத்தில் படித்துவிட்டு, நினைவாற்றலுக்கென்று விற்கும் கிங்கோ மூலிகை மாத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். போன மாதம் இரவில் கழிவறைக்கு எழுந்தபோது தலை சுற்றி இரண்டு முறை விழுந்தேன், பெரிய அடி இல்லை. என் அம்மாவுக்கு வந்த மறதிநோய் எனக்கும் வருகிறதா? வயதாவதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். எப்படி ஏற்பது?

பதில்: மின்தூக்கியில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் அங்கே வராமல், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது வருகிறதென்றால் அது மறதிநோய் அல்ல அம்மா. பெயர் மூளையில் பத்திரமாக இருக்கிறது, எடுத்துத் தரச் சற்று நேரமாகிறது. நாற்பது வருடமாக அரைக்கும் தோசை மாவுக்கு உளுந்து எவ்வளவு என்று திகைப்பது, தினமும் போகிற சந்தையிலிருந்து புளோக்குக்குத் திரும்ப வழி தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பது, இவையெல்லாம் வேறு ரகம். இவற்றில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. தாய்க்கு இருந்ததால் உங்களுக்கு வாய்ப்பு ஓரளவு கூடும். வந்தே தீரும் என்று அர்த்தமில்லை.

ஆனால் மூளையை மந்தமாக்கும் ஒன்றை நீங்களே தினமும் விழுங்குகிறீர்கள். அந்த மஞ்சள் மாத்திரை பெரும்பாலும் குளோர்பெனிரமின்தான். நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையை அது தடுக்கும். உங்கள் வயதில் அது உடம்பைவிட்டுப் போக நேரமாகும், மறுநாள் பகலிலும் மிச்சம் இருக்கும். மறதி, தள்ளாட்டம், வாய் வறட்சி, மலச்சிக்கல் எல்லாம் அதன் கூடவே வரும். 65 வயதைத் தாண்டியவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளில் அதுவும் ஒன்று. சளிக்கு மூன்று நாள் கொடுத்ததை எட்டு மாதம் தூக்கத்துக்குப் போடலாம் என்று எந்த மருத்துவரும் சொல்லியிருக்க மாட்டார். இன்றே நிறுத்துங்கள். சில இரவுகள் தூக்கம் கெடும், பொறுத்துக்கொள்ளுங்கள். கிங்கோவையும் தொட வேண்டாம். 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 3,069 முதியவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள், அது மறதிநோயைத் தடுக்கவில்லை. ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு.

இப்போது நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒரே மாதத்தில் இரண்டு முறை விழுந்ததை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போங்கள். உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது ‘நான் விழுந்தேன்’ என்பதுதான். மஞ்சள் மாத்திரையின் அட்டையையும் மற்ற எல்லா மருந்துகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

வீட்டில் ரத்த அழுத்தக் கருவி இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஐந்து நிமிடம் படுத்திருந்து அளவெடுங்கள். பிறகு எழுந்து நின்று ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளந்து பாருங்கள், கணவர் பக்கத்தில் நிற்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், எழும்போது மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று பொருள். ரத்த அழுத்த மாத்திரை, தண்ணீர் குடிக்காதது, நீங்கள் போட்ட சளி மாத்திரை, இதயத்துடிப்புக் கோளாறு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அழுத்த மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள், எண்களைக் காட்டுங்கள். அதுவரை இரவில் எழுந்தால் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பாதங்களை மேலும் கீழும் பத்துப் பதினைந்து முறை அசைத்துவிட்டு நில்லுங்கள். விளக்குப் போடாமல் நடக்கக் கூடாது. கழிவறை வாசலில் கிடக்கும் துணிக் கால்மிதியை எடுத்துவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் 65 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர் இருந்தால், கைப்பிடி பொருத்தவும் தரை வழுக்காமல் செய்யவும் ‘ஈஸ்’ திட்டத்தில் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கும். விண்ணப்பித்துவிடுங்கள்.

விழுந்தபோது தலை இடித்ததா? இடித்திருந்தால், அடி சின்னதாக இருந்தாலும், மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்து வேலையைக் காட்டலாம். தலைவலி கூடிக்கொண்டே போவது, பகலில் அசந்து தூங்குவது, ஒரு கால் இழுப்பது, சில நாட்களுக்குள் மறதி திடீரென்று மோசமாவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். நாட்கணக்கில் மளமளவென்று ஏறும் மறதிக்கு முதுமை காரணமே அல்ல.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். சிவப்புப் புள்ளிகள் பெரும்பாலும் ரத்தக்குழாய் மச்சங்கள், தீங்கற்றவை. வலியோ வீக்கமோ இல்லாத முட்டிச் சத்தத்தைக் கண்டுகொள்ள வேண்டாம். ஒன்பதரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஏழு மணி நேரம், அது போதும். வயதாக ஆக உடம்பின் கடிகாரம் முன்னால் நகர்ந்துவிடும்.

ஒற்றைத் தலைவலி நின்றது நோயல்ல, வரவு! மாதவிடாய் நின்று ஹார்மோன் ஏற்ற இறக்கம் அடங்கியதும் பல பெண்களுக்கு அது விட்டுப்போகிறது. வயது தருவதும் உண்டு என்பதற்கு உங்கள் உடம்பே சாட்சி. சொல்வளம் அறுபதுகளிலும் வளர்கிறது. பழைய அனுபவத்தோடு ஒப்பிட்டு ஒரு மனிதரை, ஒரு பிரச்சினையை எடைபோடுவதில் பேரப்பிள்ளையின் வேகமான மூளை உங்களுடையதற்கு ஈடாகாது. கோபமும் கவலையும் இளமையில் இருந்ததைவிட அடங்குவதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். எத்தனையோ கிருமிகளை ஏற்கெனவே சந்தித்த உடம்புக்குச் சாதாரண சளி குறைவாகவே பிடிக்கும், சளிக்காய்ச்சல் தடுப்பூசி மட்டும் ஆண்டுதோறும் வேண்டும். வயதை எப்படி ஏற்பது என்று கேட்டீர்கள். இந்த வரவையெல்லாம் செலவழிக்க ஓர் இடம் தேடிக்கொள்வதுதான் வழி. துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் பேச்சுத்துணை தேடுங்கள், பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்லுங்கள். காது மந்தமாக இருந்தால் சோதித்துக் கருவி போட்டுக்கொள்ளுங்கள், சரியாகக் கேட்காத காதும் மறதிநோய்க்கு வழிவிடும்.

இதற்கெல்லாம் கால் நிற்க வேண்டும். இரண்டு கட்டைவிரல்களையும் ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து வளையமாக்கி, கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடியுங்கள். வளையத்துக்கும் காலுக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் தசை கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். காலைக்கு மூன்று இட்லியும் சட்னியும் என்றால் புரதம் ஆறேழு கிராம்தான். 55 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 55 முதல் 66 கிராம் வேண்டும். முட்டை, மீன், தாவ் குவா (கெட்டியான சோயா கட்டி), கெட்டிப் பருப்பு ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

தலைசுற்றலுக்குக் காரணம் தெரிந்து சரியான பிறகு, சாப்பாட்டு நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். கணவர் நேரம் பார்க்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால்களில் பலம் குறைவு. அந்த எண்ணை எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டி, உடலியக்கச் சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.